அந்த முழங்காலைக் கட்டிய கைகளுக்கு

டேப் பசையின் வாசனை கடைசிவரை விட்டுப் போகாத கைகளுக்குச் சொந்தக்காரரான என் அப்பாவுக்கு,

வைத்தி எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். லிதுவேனியாவிலிருந்து, ஏழு வருஷத்துக்குப் பிறகு, மெஸ்ஸெஞ்சரில் ஒரே ஒரு வரி: "ஊலே எப்படி இருக்கிறார்?" வயதில் மூத்தவர்களைப் பர்மாக்காரர்கள் மாமா என்று கூப்பிடுகிற அந்தச் சொல்லை அவர் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

பதினொரு நாள் நான் பதில் போடவில்லை. கரண்ட் இல்லை, இணையம் இழுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாங்கோனில் இப்போது யாரும் மறுகேள்வி கேட்காத சாக்கு அது. ஆனால் கரண்ட் வந்த நேரமெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் அப்பா. அடுத்ததாக அவர் எதைக் கேட்பார் என்று எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும்.

உங்களுக்கு எழுதுவதை ஊரே படிக்கும்படி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் பெயர் கெட்டது ஊர் முன்னால்தானே. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விவரமாகச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலோன் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை இறக்கியவர் நீங்கள். சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரர். கிரேன் ஓட்டுகிறவனிலிருந்து கப்பல் சமையல்காரன்வரை கையைக் காலைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவார்கள். அந்தக் கைராசியைக் கேள்விப்பட்டுத்தான் கூடைப்பந்துக் குழு வைத்திருந்த முதலாளி ஒருவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டார். ஆட்டக்காரர்களின் காலைப் பிடித்துவிடுவது, ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் டேப் கட்டுவது, இதுதான் வேலை. நாலு வருஷம் கழித்து அவர் ஒரு வெளிநாட்டுக்காரரை ஒரு சீசனுக்கு வரவழைத்தார். அவர் பேசுவதைப் பர்மியில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஊலேயின் மகனுக்கு இங்கிலீஷ் வரும் என்றார்கள். அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன்.

அவர் பெயர் வைதாஸ். உங்கள் வாயில் அது முதல் நாளே வைத்தி ஆகிவிட்டது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு வெள்ளைக்காரரை "வைத்தி, காலை நீட்டு" என்று நீங்கள் அதட்டுவதும், அவர் நல்ல பிள்ளையாக நீட்டுவதும் எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. அப்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. இந்த விளையாட்டில் அது கிழவர் வயது.

அவருடைய பதினேழு வருஷ ஆட்டத்தை நீங்கள் காலிலிருந்துதான் படித்தீர்கள்.

"இது எந்த ஊருடா?" என்று இடது கணுக்காலைத் தொட்டு என்னிடம் கேட்பீர்கள்.

"போலந்துங்கிறாருப்பா. ரெண்டு சீசன்."

"இந்த வளைஞ்ச விரலு?"

"சைப்ரஸ். பந்து பட்டு ஒடிஞ்சதாம்."

"முதுகு?"

"லெபனான்."

புருவத்துத் தையல் கஜகஸ்தான். வலது முழங்காலில் நீளமாக ஓடிய பழைய தழும்பு ருமேனியா. அதை மட்டும் நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இந்த மனுஷன் ஒரு ஊர்லயாவது முழுசா இருந்திருக்காரா?" என்றீர்கள். நான் சொன்னதும் வைதாஸ் வெகுநேரம் சிரித்தார். "சொந்த ஊரில்" என்றார்.

அந்தச் சொந்த ஊரைப் பற்றியும் உங்களிடம்தான் சொன்னார். ஆற்றங்கரையில் சின்ன ஊர். அவர் அப்பா மாட்டுக்கொட்டகைச் சுவரில் இரும்பு வளையம் அடித்துக் கொடுத்தாராம். குளிர்காலத்தில் பனியை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டுத்தான் பந்து போட முடியும். அந்த நாட்டில் ஆண், பெண், பாதிரியார் எல்லாருக்கும் இந்த விளையாட்டுத்தான் பேச்சு. இருபத்துமூன்று வயதில் தேசியக் குழுவின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசி நாள்வரை இருந்தார். பன்னிரண்டு பேர் போனார்கள், இவர் பதிமூன்றாவது ஆள். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "பதிமூணாவதுன்னா ஒரு நாட்டுக்கே பதிமூணாவது ஆளுடா. சும்மாவா? அதைச் சொல்லு அவர்கிட்ட." நான் சொன்னேன். அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன் அப்பா. அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் யாரும் அதை இப்படிச் சொன்னதில்லை என்றார்.

யாங்கோனுக்கு அவர் வந்ததுகூட ஒரு கணக்கோடுதான். இங்கே ஒரு சீசன். அடுத்த குளிர்காலத்தில் சொந்த ஊர்க் கிளப்பில் கடைசி சீசன். பேசி முடித்திருந்தார்கள். அவர் மகளுக்கு அப்போது ஆறு வயது. தன் அப்பா ஆடுவதை அவள் ஒருதடவைகூட நேரில் பார்த்ததில்லை. சொந்த ஊர் ஜனங்கள் முன்னால், அவள் பார்க்க, ஆடி முடித்துவிட வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அதைத்தான் நான் கெடுத்தேன்.

சீசனின் கடைசி ஆட்டம். பகல் இரண்டு மணி வெயில், தகரக் கூரை. நீங்கள் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினீர்கள். "சூடா இருக்குடா. நீர் கோத்திருக்கு. எனக்குப் பிடிக்கல." வைதாஸ் முகமே சரியாக இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: "இது ஃபினிஷ். உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது, எனக்குத் தெரிகிறது. நான் ஆட முடியாது. முதலில் டாக்டர் பார்க்கட்டும். முதலாளியிடம் சொல்." ஃபினிஷ் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கூட ஆறேழு விருந்தாளிகள், எல்லார் கையிலும் குழுவின் சிவப்பு விசிறி. வெளிநாட்டு ஆட்டக்காரரைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி, நம்ம ஆள் தயாரா?" என்று பர்மியில் கேட்டார்.

ஆனாடெ என்று ஒன்று இந்த ஊரில் உண்டு. கசப்பான சேதியைச் சொல்லி எதிரே இருக்கிறவர் முகத்தை வாட வைக்கக் கூசுவது. அதுவும் பெரியவர் என்றால், விருந்தாளிகள் முன்னால் என்றால், நாக்கு மேலே எழும்பாது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். மொகிங்கா நம் காலைச் சாப்பாடு ஆனதுபோல அந்தக் கூச்சமும் நம்முடையதாகிவிட்டது.

"யாபாடெ, சயா" என்றேன். பரவாயில்லை ஐயா, சமாளித்துவிடுவார். "கொஞ்சம் வலிதான்."

"அப்படியென்றால் முதலிலிருந்தே ஆடட்டும்" என்றார் முதலாளி.

நான் வைதாஸ் பக்கம் திரும்பினேன். "டாக்டருக்கு ஆள் அனுப்பியிருக்கிறாராம். வருகிறவரை பத்தே நிமிஷம் ஆடித் தரும்படி கேட்டுக்கொள்கிறார்" என்றேன். எந்த டாக்டரும் இல்லை. அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். இரண்டும் பேச அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆனாடெ மேல் மட்டும் பழியைப் போட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டால் மொழிபெயர்க்கிறவன் எதற்கு? அடுத்த சீசனுக்கும் என்னை வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவும் என் மனசில் ஓடியது. கொஞ்சமாக இல்லை, நிறையவே ஓடியது.

நீங்கள் ஒரு கை தூரத்தில், டேப் சுருளைப் பிடித்தபடி நின்றீர்கள். என்னையே பார்த்தீர்கள். உங்களுக்குப் புரியாததால் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, "கட்டுங்கப்பா, ஆடுறாராம்" என்றேன். நீங்கள் குனிந்து கட்டினீர்கள். வழக்கம்போல டேப்பின் மேல் ஒரு சிட்டிகை விபூதி வைத்து, முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

எட்டாவது நிமிஷம். பந்தோடு எழும்பினார். இறங்கும்போது கால் அவரோடு வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழுவின் ஆள் ஒருவர், கட்டு சரியாக விழாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று பொதுவாகச் சொன்னார். யாரையும் குறித்துக்கூடச் சொல்லவில்லை. நீங்கள்தான் முன்னால் வந்து, "என் கைதான் தப்பு பண்ணிடுச்சு" என்று பர்மியில் சொன்னீர்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாவே அப்படி நினைக்கும்போது நான் எதற்கு என்று ஒரு நியாயம் அப்போதே தயாராகிவிட்டது. மனுஷன் எவ்வளவு சீக்கிரம் நியாயம் தைத்துக்கொள்கிறான்!

அதோடு உங்களை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் 'டேப் ஊலே' என்று பெயர் வைத்தார்கள். சுளுக்கு என்று ஒரு குழந்தையைக்கூட உங்களிடம் கொண்டுவருவது நின்றுபோயிற்று. ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தீர்கள். அம்மா மட்டும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவரும் சொன்னது என்ன? "எத்தனையோ பேருக்கு நல்லது செஞ்ச கை. ஒரு தடவ தவறிப்போச்சு." போன வருஷம் உங்கள் திதிக்கு வந்தவர்களிடமும் இதையே சொன்னார். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வைதாஸுக்குப் பதில் எழுதினேன். நீங்கள் இறந்துவிட்ட செய்தியை மட்டும். மற்றதை எழுதவில்லை. அப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் இப்போது தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அதே மொழிபெயர்க்கிற வேலைதான். அவருடைய பதில் காலையில், பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது வந்தது. நீளமான பதில். அதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். இந்தத் தடவை எதையும் மழுப்பப் போவதில்லை.

"அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் உன் அப்பா என் அறைக்குத் தனியாக வந்தார். நீ ஏதோ காகிதம் வாங்கப் போயிருந்தாய். அவர் இங்கிலீஷில் பேசினார். 'என் டேப் தப்பு. என் மகன் தப்பில்லை. கோபம் என் மேல். மகன் மேல் இல்லை.' அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். முன்பே கிழிந்திருந்த காலை எந்த டேப்பும் கிழிக்காது. உங்கள் முதலாளி அதற்கு முன் வந்து என் கட்டிலருகே அழுதுவிட்டுப் போயிருந்தார். அது, விஷயம் சொல்லப்படாத மனிதனின் முகம். நான் சொன்னதை நீ சொல்லவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"உன் அப்பா என் கையை விரிக்கச் சொன்னார். தன் உள்ளங்கையால் என் உள்ளங்கையில் மூன்று தடவை அடித்தார். 'மகனிடம் பேசாதே' என்றார். அது என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் பதினொரு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டவன். அவற்றில் ஒன்றுகூட அவ்வளவு கனமாக இருந்ததில்லை. அவர் இருக்கும்வரை காப்பாற்றினேன். அதனால் அவர் வேலை போனது எனக்குத் தெரியாது, நீ எழுதிய பிறகு பழைய ஆட்டக்காரன் ஒருவனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தப்பில் ஒரு பங்கு என்னுடையது. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது."

பஸ் பாலத்தைத் தாண்டி, நான் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டது.

அப்பா, நான் எவ்வளவு பெரிய முட்டாள்! முப்பது வருஷம் கப்பல்காரர்களோடு மாரடித்தவருக்கு ஃபினிஷ் என்ற வார்த்தை தெரியாதா? ஃபினிஷ், ஸ்டாப், நோ குட். துறைமுகத்து இங்கிலீஷே அந்த மூன்று வார்த்தைதானே. முதலாளியிடம் நான் சொன்ன பர்மியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே புரியும். அப்படியென்றால் இரண்டு பக்கத்தையும் அங்கே கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

பழியைச் சுமந்ததைக்கூட என்னால் ஒருமாதிரி விழுங்க முடிகிறது. தூங்க விடாமல் அறுப்பது வேறு. தெரிந்தும் ஏன் கட்டினீர்கள்? சுருளைக் கீழே போட்டுவிட்டு, "சயா, இவன் சொல்றது சரியில்ல" என்று சொல்ல அரை நிமிஷம் போதுமே. பெற்ற மகனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லையா? உங்களுக்கும் ஆனாடெதானா, என்னிடம்? அவர் காலைவிட என் முகம் வாடாமல் இருப்பது பெரிதாகப் போய்விட்டதா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துதான் "என் கைதான்" என்றீர்களா? அப்படியானால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னது முழுப் பொய் இல்லையே அப்பா. பாதி உண்மை. அதனால் உங்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமலும் இருக்க முடியவில்லை.

அன்று மதியமே வைதாஸுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். முதலாளியிடம் சொன்னதையும், இல்லாத டாக்டரையும், அடுத்த சீசன் ஆசையையும். அவர் மன்னித்தேன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சின்ன வீடியோ மட்டும் அனுப்பினார்.

சொந்த ஊர்க் கிளப்பில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது அப்பா. ஆட அல்ல. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தலை முழுக்க வழுக்கை. வலது காலை மடக்க முடியாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணின் கணுக்காலுக்கு டேப் கட்டுகிறார். நீங்கள் கட்டுகிற மாதிரியே, குதிகாலிலிருந்து எட்டுப் போட்டு. முடித்ததும் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அந்தப் பெண்ணும் தன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடுகிறாள். டேப் கட்டுவது என்றால் அதுவும் சேர்த்தியாக்கும் என்று நினைத்திருப்பாள்.

நேற்றுக் காலை அம்மாவிடம் சொன்னேன். உங்கள் திதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேகமாகச் சொன்னால் எங்கேயாவது எதையாவது மழுப்பிவிடுவேன் என்று பயந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன்.

முடித்ததும், "அப்ப அவுக கை தவறலையா?" என்றார்.

"இல்லம்மா."

"தவறலையா?"

"தவறலம்மா. நான்தான்."

"ஏழு வருஷமா, வர்றவக போறவக கிட்டயெல்லாம் என்னக் கொண்டே சொல்ல வச்சிட்டியேடா" என்றார். அவ்வளவுதான். சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது பார்த்தேன். உங்கள் டேப் வெட்டுகிற வளைந்த கத்தரிக்கோலை எங்கோ அடியிலிருந்து தேடி எடுத்து, புளி போட்டுத் துலக்கி, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அது வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

இதை மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். பழைய குழுவில் மிச்சமிருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பாதிப் பேர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அலோனில் அதே டீக்கடையில் கூடுகிறார்கள். முதலாளியும் சில நாள் வருவாராம். வருகிற ஞாயிறு நான் போவேன். உட்காராமல், நின்றுகொண்டே சொல்வேன், யார் சொன்னது, யார் மறைத்தது, யார் கை தவறவில்லை என்று. யாராவது என் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி, "யாபாடெ, பழைய கதைதானே, விடு" என்பார்கள். மயபூ என்பேன். பரவாயில்லை என்று விட முடியாது.

தெரிந்தும் ஏன் கட்டினீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் திதியன்று படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்பேன்.

ஒரு வார்த்தையும் மாற்றாமல்,
உங்கள் மகன்
முருகேசு